வடக்குப் பாதி சம்பந்திக்கு

மார்ச் 9, ஞாயிறு

ஒரு ஏக்கர் நேப்பியர் புல்லும் அறுத்து முடிந்தது. இந்த வருஷம் வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. இனி உரம் போட்டுத் தண்ணீர் கட்டினால் ஒன்றரை மாதத்தில் அடுத்த அறுப்புக்கு வரும். அதுவரை மாடுகளுக்குக் கிணற்றடிப் புல்லும் சோளத்தட்டும் போதும்.

சாயங்காலம் சம்பந்தி வந்தார். மருமகள் மைதிலியின் அப்பா தெய்வசிகாமணி. உடுமலைப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து போன மாதம்தான் ரிட்டையர் ஆனார். மகளைப் பார்த்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். பெட்டியை நான்தான் வாங்கி உள்ளே வைத்தேன். இரண்டு நாள் சட்டை அந்தக் கனம் கனக்காது.

என் வீட்டுக்காரி பூவாத்தாள் கோழி அடித்தாள்.

மார்ச் 10, திங்கள்

விடிந்ததும் சம்பந்தி தோட்டத்துக்கு வந்துவிட்டார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்திருந்தார்.

"இந்தப் புல்ல வருஷா வருஷம் நடோணுமுங்களா சம்மந்தி?"

"இல்லீங்க. ஒருக்கா தண்டு வெட்டிக் கரணை நட்டா நாலஞ்சு வருஷத்துக்கு அறுத்துக்கிட்டே இருக்கலாமுங்க. ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியா போட்டு உடனே தண்ணி உட்டரோணும்."

"புல்லுக்குப் போயி உரமுங்களா? ரோட்டோரத்துல அதுபாட்டுக்கு மொளைக்குதே."

"ரோட்டோரத்துப் புல்லு பால் குடுக்குமுங்களா?"

அவர் அதை நெடுநேரம் யோசித்தார். பிறகு வேர் எவ்வளவு ஆழம் போகும், அடியோடு அறுக்காமல் ஏன் ஒரு சாண் விடுகிறோம், தொழு உரம் எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இந்த வீட்டில் யாரும் என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. சொல்லிக்கொண்டிருந்ததில் கிணற்றடி வாய்க்கால் உடைந்து தண்ணீர் ரோட்டுக்குப் போய்விட்டது. சம்பந்தியால் வந்த வினை.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் போகவில்லை.

மார்ச் 12, புதன்

உரம் போடுவதில் தகராறு. தகராறு என்று சொல்ல முடியாது. சம்பந்திகள் தகராறு செய்துகொள்ள முடியாது. நான் அறுத்த கையோடு ஏக்கருக்கு இரண்டு மூட்டையையும் மொத்தமாக வீசிவிடுவது வழக்கம். சம்பந்தி செல்போனில் ஏதோ பார்த்துவிட்டு வந்தார்.

"மொத்தமாப் போட்டா பாதி ஆவியாப் போயிருமாமுங்க. இப்பக் கொஞ்சம், மூணு வாரம் கழிச்சுக் கொஞ்சம்னு பிரிச்சுப் போட்டா முழுசும் வேருக்குப் போகுமாமுங்க. நீங்க தப்பா நெனைக்கலீன்னா."

"தப்பா நெனைக்க என்னங்க இருக்குது. ஆனா என்ற அனுபவத்துல..."

"உங்க அனுபவத்துக்கு முன்னால நானெல்லாம் யாருங்க."

"அய்யோ, நீங்க அப்படிச் சொல்லக்கூடாதுங்க."

இப்படியே வெயில் ஏறும் வரை ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு நின்றோம். கடைசியில் பூவாத்தாள் வந்தாள். "நடுவால வரப்பு இருக்குதல்ல? வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெக்குப் பாதி உங்களுக்கு. அவியவிய பாதிக்கு அவியவிய போட்டுக்கங்க. புல்லே சொல்லட்டும்" என்றாள்.

இரண்டு நாளைக்கு வந்தவருக்கு மூன்று வாரம் கழித்துப் போடுகிற உரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்காது.

மார்ச் 14, வெள்ளி

தண்ணீர் கட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. மோட்டார் ஒரு கோடி, கடைசிப் பாத்தி மறு கோடி. தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று நான்தான் ஓடிப் பார்க்க வேண்டும், ஓடி வந்து மோட்டாரை நிறுத்த வேண்டும். இன்று சம்பந்தி சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். கண்டக்டர் விசில். ரிட்டையர் ஆனபோது திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். சொந்த விசிலாம்.

அவர் மறுகோடியில் நின்றுகொண்டார். பாத்தி நிறைந்தால் ஒரு விசில், நான் மடையை மாற்றியதும் இரண்டு விசில். நடுவில் ஒரு ஆடு வாய்க்காலைக் கடந்தபோது அதற்கும் ஒன்று ஊதினார். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து, "பஸ்ஸு எங்கீங்க போவுது?" என்று கேட்டுவிட்டுப் போனான். மானம் போயிற்று.

தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. நான் போட்ட வாட்டம் அப்படி.

மார்ச் 17, திங்கள்

ரகசியம் தெரிந்துவிட்டது. மைதிலி அவள் அம்மாவிடம் போனில் பேசியதைப் பூவாத்தாள் கேட்டிருக்கிறாள். ரிட்டையர் ஆன மறுநாளிலிருந்து சம்பந்தி வீட்டைச் சீர்திருத்தத் தொடங்கிவிட்டாராம். அடுக்களை டப்பாக்களை ஸ்டேஜ் ஸ்டேஜாக அடுக்கினாராம், கடுகு முதல் ஸ்டேஜ், பெருங்காயம் கடைசி ஸ்டேஜ். குழம்பு கொதிக்கிற நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தாராம். சம்பந்தியம்மா நாகரத்தினம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு நீங்க போங்க, இல்லீன்னா நான் போறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

பெண் கொடுத்த வீட்டில் வந்து தங்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும். அந்தம்மாவுக்குப் பொறுமை போதாது. நானும் வீட்டில் ஆயிரம் யோசனை சொல்கிறேன், பூவாத்தாள் என்ன துரத்திவிட்டாளா?

இதை அவளிடம் சொன்னேன். "எனக்குப் போக அக்கா தங்கச்சி ஊடு இல்லீங்க. இருந்திருந்தா நான் போயிருப்பேன்" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

மகன் திருப்பூரிலிருந்து வந்தான். பனியன் கம்பெனியில் ஞாயிறு மட்டும்தான் லீவு. மாமனாரைப் பார்த்ததும், "மாமா எப்ப ஊருக்குக் கெளம்பறார்?" என்று என் காதில் கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த மனுஷனை எப்போது போவீர்கள் என்று கேட்பது எந்த ஊர்ப் பழக்கம் என்று கேட்டேன். "நீங்கதானப்பா போன வாரம் போன்ல கேட்டீங்க" என்றான். அது போன வாரம்.

ஏப்ரல் 2, புதன்

வடக்குப் பாதி தெற்குப் பாதியைவிடக் கொஞ்சம் பச்சையாகத் தெரிவதாகப் பூவாத்தாள் சொல்கிறாள். வெயில் விழுகிற கோணம்.

ஏப்ரல் 3, வியாழன்

பால் ஊற்ற வந்தவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். மைதிலி பால் சொசைட்டியில் டெஸ்டராக இருக்கிறாள், ஊரில் யார் என்ன சொன்னாலும் அவள் காதுக்கு வந்துவிடும். "அப்பா பாதி நல்லா வந்திருக்குதாம் மாமா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சம்பந்தி உடனே, "எல்லாம் சம்மந்தி சொல்லிக்குடுத்ததுதான் கண்ணு" என்றார். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு இன்னும் எரிந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

சம்பந்தி முடிவெட்டிக்கொள்ள டவுனுக்குப் போயிருந்தார். நானும் வேறு வேலையாக உரக்கடைப் பக்கம் போனேன். போன இடத்தில் சும்மா வரக்கூடாது என்று ஒரு மூட்டை வாங்கினேன். மத்தியானம் தெற்குப் பாதியில் கொஞ்சம் வேலை இருந்தது. மூட்டையில் மிச்சம் இல்லை. காலையில் முதல் வேலையாகத் தண்ணீர் விட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

மோட்டார் போட்டேன். உறுமியது, புகைந்தது, நின்றுவிட்டது. மோட்டார் காயில் எரிந்துவிட்டது. கிணற்றிலிருந்து மேலே தூக்கி, வைண்டிங் கடைக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். கடைக்காரர் "நாளைக்கு" என்கிறார். அவர் சொல்கிற நாளைக்கு எது என்று அவருக்கே தெரியாது.

ஏப்ரல் 9, புதன்

வெயில். புல் நுனி சுருண்டு பழுக்கிறது. தெற்குப் பாதிதான் அதிகம். சம்பந்தி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "சம்மந்தி, தெக்கால மட்டும் ஏனுங்க இப்படிக் கருகுது?" என்றார். மண் வாகு என்றேன்.

அவருக்கு மண் வாகு என்றால் என்னவென்று தெரியாது. எனக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை.

ஏப்ரல் 12, சனி

நாளைக்கு.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை பிறந்ததும் மழை வந்தது. மூன்று மணிக்குப் பிடித்து விளக்கு வைக்கும் நேரம் வரை விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மாட்டுக் கொட்டகையில் நின்று பார்த்தோம். சம்பந்தி குழந்தைபோலக் கையை வெளியே நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டார். நானும் ஒருமுறை நீட்டினேன். மழையோடு மழையாக ஒரு டெம்போ வந்து நின்றது. மோட்டார் ரெடியாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

நான்கே நாளில் தெற்குப் பாதி எழுந்துவிட்டது. பச்சை என்று சொல்ல முடியாது, கருநீலமாக இருக்கிறது. வடக்குப் பாதி அதன் பக்கத்தில் நோஞ்சான் மாதிரி நிற்கிறது. சம்பந்தி பார்த்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தோத்துட்டேனுங்க சம்மந்தி. அனுபவம்னா அனுபவம்தானுங்க."

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். பூவாத்தாள் மட்டும் அந்தப் புல்லையே வெறித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடுப்பில் என்னவோ வைத்திருக்கிறேன் என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் நடந்ததை எழுத வேண்டும்.

காலையில் சம்பந்தி, "உங்க பாதியில ஒரு கட்டு அறுத்துக் கட்டச்சிக்குப் போடட்டுமுங்களா?" என்றார். கட்டச்சி எங்கள் நல்ல மாடு. உருவம் குட்டை, பால் அதிகம். ஐந்து மாசச் சினையாகவும் இருக்கிறாள். "தாராளமா அறுங்க, இளசா இருக்குது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் ஆசையாகத் தின்றாள்.

பதினொரு மணி வாக்கில் கட்டச்சி தள்ளாடினாள். மூச்சு வாங்கியது. காலை மடித்துப் படுத்தவள் எழவில்லை. சம்பந்தி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரி சாமி, எந்திரி சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகன் பைக்கில் போய் மாட்டு டாக்டர் பாரிஜாதத்தை அழைத்துவந்தான். அந்தம்மா மாட்டின் உதட்டைப் பிரித்துப் பார்த்தது. ஈறு சிவப்பாக இல்லை, காபித்தூள் நிறத்தில் இருந்தது. ஊசி குத்தி இரத்தம் எடுத்தால் அதுவும் அதே நிறம்.

"என்னத்தப் போட்டீங்க மாட்டுக்கு?"

புல்லைக் காட்டினோம். டாக்டரம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தது.

"யூரியா எவ்வளவு? தண்ணி எப்ப கட்டுனீங்க?"

மோட்டார் கதையை மகன் சொன்னான்.

"அதான். தண்ணியில்லாம உரம் மண்ணுல கெடந்திருக்குது. மழை பேஞ்சதும் புல்லு மொத்தத்தையும் ஒரே மூச்சுல இழுத்துருச்சு. அத மாடு தின்னா ரத்தத்துல காத்து நிக்காது. இவ்வளவு உரத்த ஆருங்க போட்டது?"

எல்லோரும் நின்றோம். பூவாத்தாள், மைதிலி, மகன், வேடிக்கை பார்க்க வந்த நாச்சிமுத்து.

"நாந்தானுங்க போட்டேன்," என்றார் சம்பந்தி. "பழக்கமில்லாத ஆளுங்க. தெரியாம அள்ளி உட்டுட்டேன்."

டாக்டரம்மா நீல மருந்தை நரம்பில் ஏற்றியது. நான் சொல்லியிருப்பேன். அவர் முந்திக்கொண்டார். அப்புறம் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

கட்டச்சி எழுந்துவிட்டாள். டாக்டரம்மா வயிற்றிலிருக்கும் கன்றையும் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மீதிப் புல்லை இன்னும் இரண்டு வாரம் முற்ற விட்டு, உயரமாக அறுத்து, வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டுமாம்.

மருந்தின் வேலையால் கட்டச்சி நீலமாக மூத்திரம் பெய்கிறாள். காலையிலிருந்து ஊரே வந்து பார்க்கிறது. நாச்சிமுத்து அவன் பேரக் குழந்தைகளை இரண்டாம் தடவையாகக் கூட்டிக்கொண்டு வந்தான். பால் லேசான நீலம். நான் மற்ற மாட்டுப் பாலோடு கலந்தால் தெரியாது என்றேன். மைதிலி என் கையிலிருந்த கேனை வாங்கி எருக்குழியில் கொட்டிவிட்டு, "எங்கூட்டுப் பாலையே நான் கொட்டுனாத்தான மாமா, ஊர்ப்பாலத் திருப்பி அனுப்ப முடியும்?" என்றாள்.

பிறகு அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கப்பா, தெரியாத வேலையில எதுக்குக் கையை வெக்கறீங்க? ஒரு உசுரு போயிருக்கும். ரெண்டு உசுரு. செஞ்சதச் சொல்லாம வேற இருந்திருக்கீங்க. மனுசன்னா மொதல்லயே சொல்ல வேண்டாமா?" கொட்டகையில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா கண்ணு, ஆமா கண்ணு" என்றார்.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் சூடு.

சம்பந்தி பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் பூவாத்தாள் என் வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணனப் பஸ் ஏத்தி உட்டுட்டு வாங்க."

"சரி."

"கோழிக்கூண்டு மேல ஒரு காலிச் சாக்கு கெடக்குது. நம்ம ரெண்டு பாதிக்கும் வாங்குன சாக்கு ரெண்டும் கட்டுத்தறியில இருக்குது. இது மூணாவது. தன்னால பறந்து வந்துதுங்களா?"

நான் சட்டைப் பொத்தானைப் போட்டேன். மேல் பொத்தான் கீழ்த் துளைக்குப் போய்விட்டது. அவளே கழற்றிச் சரியாகப் போட்டாள். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. போயிட்டு வாங்க" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை பெட்டியை நான்தான் தூக்கினேன். பஸ் வந்தது. சம்பந்தி ஏறினார். பெட்டியை ஏற்றிக் கொடுக்க நானும் ஏறினேன். இறங்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கீங்க சம்மந்தி?"

"சும்மாதானுங்க."

வெள்ளகோவில் தாண்டும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு சொன்னேன். "தெக்குப் பாதியில நாந்தானுங்க போட்டேன். ஒரு மூட்டை. உங்க பாதி பச்சையா இருந்துது, அது பொறுக்கல."

"தெரியுமுங்க."

"தெரியுமுங்களா?"

"என்ற பாதி வரப்போட முடியுது. தெக்கால நான் உரம் போடவே இல்லைங்கறது எனக்குத் தெரியாதுங்களா?"

"பின்ன ஏனுங்க நீங்க தலையக் குடுத்தீங்க?"

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மருமக முன்னால மாமனார் தலை குனிஞ்சா, நாளைக்கு அதே ஊட்டுல ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துச் சோறு திங்கோணுமுங்க. எனக்கென்னங்க, ஸ்டாப்பிங் வந்தா எறங்கற ஆளு. அதுவுமில்லாம..." என்று நிறுத்தினார். "உங்க தோட்டத்துல என்னைய ஒரு வேலைக்காவது வெச்சிருந்தீங்க."

நான் உடனே போனை எடுத்து மைதிலியைக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "யூரியா" என்றேன். "என்னங்க மாமா?" என்றாள். "யூரியா நாந்தான்" என்று கத்தினேன். "ஒரு மூட்டை யூரியா, நாந்தான்." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "யூரியா இருக்குதுங்களா? எங்க பக்கம் ஸ்டாக்கே இல்லீங்க" என்றார். இன்னொரு அம்மா தனக்கு அரை மூட்டை போதும் என்றது. கண்டக்டர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், சம்பந்தியை அடையாளம் தெரிந்து, "அண்ணே, ரிட்டையர் ஆகி உர யாவாரமா?" என்று கேட்டார்.

ஒருவழியாக மைதிலிக்குக் கேட்டுவிட்டது.

"தெரியுமுங்க மாமா. அத்தை அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"அப்பறம் ஏன் கண்ணு உங்கப்பாவத் திட்டுனே?"

"உங்களத் திட்ட முடியாதுங்களே. அவரத் திட்டுனா உங்களுக்குக் கேக்கும்னுதான்."

சம்பந்தியிடம் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். நான் இறங்க வேண்டிய இடம் எது என்று எனக்கே தெரியாததால் கடைசி வரை போனேன்.

வாசலில் சம்பந்தியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஒருத்தர அனுப்பிச்சேன், ரெண்டு பேராத் திரும்பி வருது" என்றார். காபி கொடுத்தார்.

ஏப்ரல் 23, புதன்

சம்பந்தி வீட்டுக்குப் பின்னால் நான்கு தென்னை மரமும், அதற்கப்பால் சும்மா கிடக்கிற பத்து சென்ட் இடமும் இருக்கின்றன. நல்ல செம்மண். தண்ணீர்க் குழாயும் பக்கத்தில். இதில் புல் போட்டு ஒரு மாடு வாங்கிக் கட்டலாம் என்று சம்பந்தியிடம் சொன்னேன். அவர் அதற்குள் கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தார்.

சம்பந்தியம்மாவிடம் அனுமதி கேட்கப் போனோம். இருவரும் அடுக்களை வாசலில் நின்றோம். உள்ளே டப்பாக்கள் எல்லாம் அவர் இஷ்டப்படி இருந்தன. "மனுசன் பகல் முழுக்கப் பொழக்கடையில இருப்பாரா?" என்று கேட்டார். இருப்பார் என்றேன். "அப்படீன்னா ரெண்டு மாடாவே வாங்கலாம்" என்றார்.

பூவாத்தாளுக்குப் போன் செய்து கரணை வெட்டிப் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். "நீங்க எப்ப வர்றீங்க?" என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, சனி

கரணை வந்தது. மண்ணை அணைத்துப் பார் பிடித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டோம். அவர் சாய்த்து நட வேண்டும் என்றார், நான் நேராக நட வேண்டும் என்றேன். மரியாதையாகப் பேசிப் பேசிப் பாதி சாய்வும் பாதி நேருமாக நட்டு முடித்தோம். தண்ணீர் விட்டோம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தால், காலையில் சம்பந்தி வாங்கி வைத்த உர மூட்டையைக் காணவில்லை. சம்பந்தியம்மா அதை ஆள்விட்டுத் தூக்கி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து, அறையைப் பூட்டியிருக்கிறார். சாவி இடுப்பில்.

"மொதல்ல மொளைக்கட்டும். ஒரு மாசம் போனதுக்கப்பறம் வந்து கேளுங்க, படியில அளந்து தர்றேன். ரெண்டு பேரும் சேந்து வந்து கேக்கோணும். தனித்தனியா வந்தா ஒருத்தருக்கும் கெடையாது."

சரிங்க என்றோம். சாயங்காலம் ஒருமுறை சேர்ந்தே போய், ஒரு கைப்பிடி மட்டும் என்று கேட்டுப் பார்த்தோம்.

தரவில்லை.